வண்டியில் பழுது இல்லை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் சிரிக்காதே. எனக்கு வேறு வழியில்லை. போன் மணி அடித்தாலே "யாரு, தம்பியா? ஸ்பீக்கர்ல போடு" என்று அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மெசேஜ் என்றால் அதைவிட மோசம். என் போனை எடுத்து எழுத்துக் கூட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிக்கிறார். வேலை செய்யும் இடத்தில் போனைத் தொட்டால் டாக்டர் முறைக்கிறார். அதனால் நீ எழுதுவதாக இருந்தால் எங்கள் பல் மருத்துவமனை முகவரிக்கு எழுது. வரவேற்பு மேசைக்கு வரும் தபால் என் கைக்குத்தான் வரும்.

நீ செய்துவிட்டுப் போன வேலை நன்றாகவே நடக்கிறது. சந்தோஷமா?

காலை எட்டு மணிக்கு அப்பா முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, ஆணியில் மாட்டியிருக்கும் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். வண்டிக் கதவு திறக்கிறது. விளக்கெல்லாம் எரிகிறது. ரேடியோகூடப் பாடுகிறது. சாவியைத் திருகினால் இன்ஜின் ஒரு உறுமு உறுமிவிட்டு இரண்டே நொடியில் நின்றுவிடுகிறது. மறுபடியும் திருகுகிறார். பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. நான் மாடி ஜன்னலில் பல் துலக்கிக்கொண்டே எண்ணுகிறேன். பிறகு இறங்கி பானெட்டைத் திறந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

நாம் என்ன செய்தோம் என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், அப்போதுதான் எனக்கே நம்பிக்கை வருகிறது. நீ மூன்று நாள் விடுப்பில் வந்தாய். அப்பா குளிக்கப் போன நேரத்தில் உன் கடையிலிருந்து கொண்டு வந்த சாவி மெஷினை ஸ்டியரிங்கிற்கு அடியில் சொருகினாய். வண்டியின் ஞாபகத்திலிருந்து அப்பாவின் சாவியை அழித்தாய். புதுச் சாவி ஒன்றைப் பழக்கி என் கையில் கொடுத்தாய். பழையதைத் திரும்ப ஆணியில் மாட்டினாய். அப்பா தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தப்பு என்று சொல்லவில்லை. ஜனவரியில் ரொட்டி வாங்கப் போனவர் ஆறு மணி நேரம் கழித்து, வீட்டுக்கு வழி மறந்து, எங்கோ ஒரு பெட்ரோல் பங்கில் கிடைத்தார். அடுத்த வாரம் பள்ளிக்கூட வாசலில் அந்தக் குழந்தைக்கும் நம் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. குழந்தையின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. ஓட்ட விடக் கூடாது, சரி. ஆனால் "அப்பா, இனிமே ஓட்டாதீங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நம் இரண்டு பேருக்கும் துப்பில்லை. "நீ சொல்லு", "நீதானே மூத்தவ, நீ சொல்லு" என்று மூன்று நாளும் சமையலறையில் கிசுகிசுத்தோம். கடைசியில் அந்த வேலையைச் சாவியிடம் கொடுத்துவிட்டோம்.

அவருடைய லாக் புத்தகத்தைப் பார்த்தாயா? ஆம்புலன்ஸ் ஓட்டிய முப்பத்து நாலு வருஷப் பழக்கம், சொந்த வண்டிக்கும் எழுதுகிறார். தேதி, நேரம், கிலோமீட்டர், பழுது, ஓட்டுநர் கையெழுத்து, மெக்கானிக் கையெழுத்து. ஒரு நோயாளி வழியில் இறந்தபோது நேரத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதச் சொன்ன பெரிய அதிகாரியிடம் மாட்டேன் என்று சொல்லி, தண்டனை மாற்றலில் இரண்டு வருஷம் போனாரே, அந்தக் கை. அந்தக் கை இப்போது தினமும் எழுதுகிறது: "ஸ்டார்ட் ஆகவில்லை. காரணம் தெரியவில்லை."

நீ ஊருக்குப் போய்விட்டாய். ஜன்னலில் நிற்பவள் நான்.

அக்கா

*

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். முதலாளி "என்ன, காதல் கடிதமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. சாவியின் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது. திருகும்போது வண்டி அதனிடம் "யார் நீ?" என்று கேட்கும். தெரிந்த சாவி என்றால் ஓட விடும். தெரியாவிட்டால் பெட்ரோலை நிறுத்திவிடும். திருட்டுப் பயத்துக்காக வைத்த ஏற்பாடு. அப்பாவின் சாவியை வண்டிக்கு இப்போது தெரியாது, அவ்வளவுதான். வயர் எதையும் நான் வெட்டவில்லை. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சில விஷயங்கள் கவனம். ஒன்று, நல்ல சாவியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், பார்வைக்கு இரண்டும் ஒன்றே போல இருக்கும், மாறிவிடக் கூடாது. அப்புறம் டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டும். அப்பா ஓட்டிய ஆம்புலன்ஸ் எல்லாம் வெறும் இரும்புச் சாவி, அவருக்கு அது என்னவென்று தெரியாது. கேட்டால் சீட் பெல்ட் விளக்கு என்று சொல்லு. தெருமுனை மெக்கானிக் ஸ்பேனர் அண்ணனிடம் நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அவர் வாயைத் திறக்க மாட்டார்.

பத்து நாளில் சலித்துவிடும். அவரே விட்டுவிடுவார். நீ மட்டும் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் உளறிவிடாதே. சின்ன வயசிலிருந்தே உனக்கு அது வராது.

அந்தக் குழந்தையை நினைத்துக்கொள். நானும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

சலித்துவிடுமாம். அப்பாவுக்கா?

உன் ஸ்பேனர் அண்ணன் நான்கு தடவை வந்துவிட்டார். வந்து பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, அப்பாவின் கண்ணைப் பார்க்காமலே, "பிளக்கா இருக்கும்" என்றார். அப்பா பிளக் மாற்றினார். "ஃபில்டரா இருக்கும்." அதையும் மாற்றினார். "பம்ப்பைப் பாத்துட்டா போச்சு." அப்பா கூடவே உட்கார்ந்து பின் சீட்டைக் கழற்றி, கையெல்லாம் பெட்ரோல் நாற்றம். தெருவில் போகிற வருகிறவனெல்லாம் நின்று யோசனை சொன்னான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத தையல்காரர் "ஏர் லாக் ஆயிருக்கும்" என்றார். பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், தம்பி. நீ ஸ்பேனர் அண்ணனிடம் சொன்னாய், அவர் மனைவியிடம் சொன்னார், அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? தெரிந்துகொண்டே வாயைப் பொத்திக்கொண்டு யோசனை சொல்கிறார்கள்.

நேற்று ஸ்பேனர் அண்ணன் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "இனிமே என்னைக் கூப்பிடாதம்மா. நான் இந்தத் தொழில்ல கத்துக்குட்டியா இருந்தப்ப உங்க அப்பாதான் ஆம்புலன்ஸ் ஷெட்டுல வேலை வாங்கிக் கொடுத்தாரு. அவர் கையில நல்ல பம்ப்பைக் கழட்டச் சொல்லி நான் வேடிக்கை பாக்கறேன். சோறு இறங்கல" என்றார்.

இதைவிட ஒன்று. நமக்கு மேல் மாடியில் குடியிருக்கும் டீச்சர் இறங்கி வரும்போது அப்பாவிடம், "நீங்க ஆம்புலன்ஸ் ஓட்டினவராமே, நீங்களே பாத்துச் சரி பண்ணிடுவீங்க" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அப்பா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் எங்கே ஓட்டினேன், பக்கத்து சீட்டுல உக்காந்து போனவன்" என்றார்.

முப்பத்து நாலு வருஷம்டா. அந்த ஒரு வாக்கியத்தில் துடைத்துப் போட்டுவிட்டார்.

உன்னைப் பற்றித்தான் கடைசி நம்பிக்கை. "தம்பி வந்தா சரியாயிடும். அவன் கை வச்சா எந்த வண்டியும் எழுந்திரிச்சிடும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்போது வருகிறாய் என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

வண்டியை விற்றுவிடு. வாசலில் வண்டி இல்லாவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பதிவுப் புத்தகம் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் கையெழுத்து வேண்டும், ஏதாவது சொல்லி வாங்கிக்கொள்.

மேலே எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். என் புத்தி எப்படிப் போகிறது என்று உனக்கும் தெரியட்டும்.

எங்கள் சாவிக் கடையில் ஒரு சட்டம் இருக்கிறது. யாருடைய சாவியையாவது அழிக்க வேண்டும் என்றால் வண்டியின் உரிமையாளர் நேரில் வர வேண்டும், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தை எழுதி, சட்டகம் போட்டு, சுவரில் மாட்டியதே நான்தான். போன வியாழக்கிழமை ஒரு ஆள் வந்தான். வண்டி மனைவி பெயரில். அவளுக்குத் தெரியாமல் அவள் சாவியை அழித்துத் தர வேண்டுமாம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "சொந்த வீட்டு ஆளுக்கே இப்படிச் செய்ய வெக்கமா இல்லையாய்யா?" என்று கத்தினேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போய்விட்டான். முதலாளி முதுகில் தட்டி "நேர்மையான ஆளு நீ" என்றார்.

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தாய். இப்போது விடுப்பு கிடைக்காது என்று அப்பாவிடம் சொல்லு. கிடைக்கும். ஆனால் அப்படிச் சொல்லு.

தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

வந்து தொலைந்திருக்கலாம் நீ. வந்திருந்தால் நேற்று நடந்ததை நான் ஒருத்தியாகச் சுமக்க வேண்டியிருக்காது.

காலை எட்டரை. டீச்சர் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு உடைந்து கை கோணிக்கொண்டு தொங்கியது. நான் சத்தம் போட்டேன். தம்பி, அப்பாவை நீ பார்த்திருக்க வேண்டும். எங்கிருந்தோ பழைய ஆள் வந்துவிட்டார். "துணியை மடி. கைக்கு அடியில அட்டையை வை. கட்டு, இறுக்காத" என்று படபடவென்று சொல்லி, அவளைத் தாங்கிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மறதி கிடையாது, ஒரு தடுமாற்றம் கிடையாது. எனக்கே ஒரு கணம் மறந்துவிட்டது.

சாவியைத் திருகினார். உறுமிவிட்டு நின்றது. திருகினார். நின்றது. பின்னால் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். அந்த மஞ்சள் விளக்கு சிமிட்டுகிறது. அப்பாவின் கழுத்தில் வியர்வை வழிகிறது. "ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம், கிளம்பிடும்" என்று அவளிடம் கெஞ்சுகிறார். ஏழு தடவை.

நான்தான் "நகருங்கப்பா" என்றேன். அவர் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். அவர் சாவியை உருவி மடியில் போட்டுக்கொண்டு, கைப்பையின் உள் ஜிப்பிலிருந்து சிவப்புப் புள்ளிச் சாவியை எடுத்து, உள்ளங்கைக்குள் மறைத்துச் சொருகினேன். ஜேப்படிக்காரி தோற்றாள் போ. ஒரே திருகு. ஓடியது.

அப்பா வழி முழுக்க நேரே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு திருப்பத்தில் மட்டும், "நோயாளி பின்னாடி இருக்கும்போது என் வண்டி நின்னதே இல்ல" என்றார், எனக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

டீச்சருக்குக் கட்டுப் போட்டாயிற்று, நன்றாக இருக்கிறாள். வீட்டுக்கு வந்தபின் அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை. "உனக்கு ஓடுது, எனக்கு ஓடல. அப்ப வண்டியில ஒண்ணுமில்ல. நான்தான் மறந்துட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, "எப்படி ஸ்டார்ட் பண்றதுன்னு எனக்கு ஒருக்கா சொல்லிக் கொடும்மா" என்றார்.

நான் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் செத்த சாவியை அவர் கையில் கொடுத்து, "கிளட்ச்சை நல்லா மிதிங்கப்பா, மெதுவாத் திருகுங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு. அவர் நல்ல பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் செய்தார். உறுமிவிட்டு நின்றது. "பரவாயில்ல, நாளைக்கு வரும்" என்று என்னைத் தேற்றினார்.

அம்மா உயிரோடு இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டாள்.

நாளைக் காலை அப்பாவிடம் சொல்லப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல்.

அக்கா

*

மார்ச் 24

அக்காவுக்கு,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. இதற்குள் சொல்லியிருப்பாயோ என்னவோ. சொல்லியிருந்தால் இதைக் கிழித்துப் போடு.

இன்னும் சொல்லவில்லை என்றால் ஒரே ஒரு உதவி செய். என் பெயரைச் சொல்லாதே. வண்டிக் கம்பெனிக்காரர்கள் செய்தார்கள் என்று சொல். வயதானவர்களின் சாவியை அவர்களே நிறுத்திவிடுவார்கள் என்று சொல். அவருக்குத் தெரியவா போகிறது?

நான் கோழைதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உனக்குத் தெரியும், பத்தாம் வகுப்பில் நான் தவறிய அன்று வீட்டில் எல்லோரும் திட்டினார்கள், அவர் மட்டும் "அவன் கையில தொழில் இருக்கு" என்று சொன்னார். இன்றைக்கு வரைக்கும் நான் அந்த வார்த்தையில்தான் சாப்பிடுகிறேன். அந்தத் தொழிலை வைத்தே அவரை இப்படிச் செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் நான் அந்த வாசலில் எப்படிக் காலை வைப்பேன்?

தயவுசெய்து, அக்கா.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். 18ஆம் தேதி காலை, அவர் சாவியை எடுக்கும்போது கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "வண்டி நல்லாத்தான் இருக்கா?" நல்லாத்தான் இருக்குப்பா என்றேன். "அப்ப நான் மறக்கல" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்தான் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல மற்றதெல்லாம் உறைத்தது. பிளக், ஃபில்டர், பம்ப், தெருவில் நின்றவர்கள், டீச்சர். "எல்லாருக்கும் தெரியுமா?" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நானே கொடுத்திருப்பேனே" என்று சொல்லி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அம்மா போன அன்று, அப்புறம் அன்றுதான்.

யார் செய்தது என்று கேட்டார். தம்பி என்றேன். ஆமாம், சொல்லிவிட்டேன். "வயர் எதையாவது வெட்டினானா?" என்றார். இல்லப்பா, மெஷினை வச்சுத்தான் செஞ்சான் என்றேன். "அப்ப சுத்தமாத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாரம் இறங்கியது என்று நிம்மதியாகத் தூங்கினேன், வெட்கம் கெட்டவள். மறுநாள் காலை எட்டு மணிக்கு இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். உறுமிவிட்டு நின்றது. பானெட்டைத் திறந்தார்.

அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. மறுபடி சொன்னேன். "அப்ப நான் மறக்கல" என்று அதே மலர்ச்சி. அதே அழுகை. "நானே கொடுத்திருப்பேனே." ஒரு எழுத்து மாறவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. சாவியை ஒளித்து வைத்துப் பார்த்தேன், வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார், கொடுத்துவிட்டேன். ஒரு தடவை செய்த தப்பை ஒரு தடவை ஒத்துக்கொண்டால் போதும் என்றுதானே இருந்தேன். தினமும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தினமும் அவருக்கு அது புதுசு.

உன் கடிதம் வந்ததும் கோபத்தில் இரண்டாகக் கிழித்தேன். ஆனாலும் மறுநாள் நீ சொன்னபடி சொல்லிப் பார்த்தேன். கம்பெனிக்காரங்க நிறுத்திட்டாங்கப்பா என்றேன். அப்பாவுக்கு வந்ததே கோபம். "தம்பி வரட்டும், அவனுங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு அவர் அழுவதையே பார்த்துவிடலாம். அதற்கடுத்த நாளிலிருந்து மறுபடி உண்மைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் முகத்தையே பார்த்தார். "இதை நேத்தும் சொன்னியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்றேன். "எத்தனை நாளா?" பத்துப் பன்னிரண்டு நாளா என்றேன். "தினமும் நான் அழறேனா?" தலையாட்டினேன். பிறகு "லாக் புக்கைக் கொண்டா. கண்ணாடியையும்" என்றார்.

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"வண்டியில் பழுது இல்லை. ஞாபகமும் கண்ணும் முன்போல் இல்லாததால் இனி ஓட்டுவதில்லை என்று நானே முடிவு செய்தேன். என் சாவியை நிறுத்தியது என் மகன், என் சொல்படி. வேலை சுத்தம். சாவி ஒப்படைக்கப்பட்டது."

கீழே தேதி, கையெழுத்து. அந்தக் காலத்து முழுக் கையெழுத்து.

"நீங்க சொல்லலையேப்பா" என்றேன். "நாங்கதானே உங்களுக்குத் தெரியாம..."

"எழுதிட்டா சொன்ன மாதிரிதான்" என்றார். "நாளைக்கு வாசிக்கப் போறவன் அழக் கூடாது இல்ல?"

புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து, ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்டியரிங்கில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இறங்கினார். ஜன்னலில் நான். வண்டியில் உட்கார்ந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார், தன் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு மேலே வந்து "டீ இருக்கா?" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கும் அப்படித்தான். வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டார், அந்தப் புத்தகம் சொன்னால் நம்புவார்.

அந்தப் புத்தகத்தில் அப்பா எழுதிய முதல் பொய் அது. அதிகாரிக்காக எழுதாதவர் நமக்காக எழுதினார்.

வருவதாக இருந்தால் வா. அவர் திட்ட மாட்டார். அதைத் தாங்க முடிந்தால் வா.

அக்கா

*

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

நேற்று நீ வேலைக்குப் போன நேரத்தில் வந்துவிட்டு, நீ திரும்புவதற்குள் கிளம்பிவிட்டேன். அப்பா சொல்லியிருக்க மாட்டார், மறந்திருப்பார். ஸ்பேனர் அண்ணன் சொல்லியிருப்பார். உன் முகத்தைப் பார்க்காமல் ஓடியதற்கு முதலில் மன்னித்துக்கொள். இனி நான் எழுதப் போவதை உன் எதிரில் நின்று சொல்லியிருக்க என்னால் முடியாது.

பேருந்தில் வழி முழுக்க ஒரே வாக்கியத்தைப் பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். "அப்பா, நீங்க சொல்லல, நானாத்தான் செஞ்சேன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் உதடு அசைவதைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார். அவர் மறந்துவிடுவார் என்று தெரியும். இருந்தாலும் ஒரு தடவை என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

என்னைப் பார்த்ததும் அப்பா அப்படிச் சிரித்தார், அக்கா. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே வண்டிக்குத்தான் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். "என் சொல்படி" என்ற இடத்தில் நிறுத்தி, என் தோளில் தட்டி, "நான் சொன்ன உடனே வந்து செஞ்ச பாரு. வேற பிள்ளைங்களா இருந்தா அப்பன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிருப்பாங்க" என்றார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு அது பொய் என்று தெரியாது. எழுதியதை நம்பிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அவர் சொன்னார், நான் செய்தேன்.

பாடம் பண்ணியதை நான் சொல்லவில்லை. சொன்னால் என் பாரம் இறங்கும், அவர் அழுவார். புத்தகம் பொய் என்று ஆகிவிடும். அப்புறம் நாளைக் காலை அவர் எதை நம்பி மேலே வந்து டீ கேட்பார்?

"நான் சொன்னபடிதானே செஞ்ச?" என்று மறுபடி கேட்டார்.

"ஆமாப்பா" என்றேன்.

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது, மெக்கானிக் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. "இது என்ன வெறுமனே இருக்கு? வேலை செஞ்சவன் கையெழுத்துப் போடணும்" என்று பேனாவை நீட்டினார். எங்கள் கடைச் சுவரில் சட்டகம் போட்டு மாட்டியிருக்கிற படிவம் எனக்கு ஞாபகம் வந்தது. உரிமையாளர் கையெழுத்து, வேலை செய்தவர் கையெழுத்து. பிப்ரவரியில் நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதை ஏப்ரலில் அவரே போட்டு வைத்துவிட்டு, எனக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

போட்டேன். கோணலாக விழுந்தது.

திரும்பும்போது வாசல்வரை வந்தார். வந்தவர் திடீரென்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். சாவி பையிலேயே இருந்தது. "ஒப்படைக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கேன், இது இன்னும் என்கிட்டயே இருக்கே! புத்தகத்துல பொய் இருக்கக் கூடாதுப்பா" என்று அதை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். ஆணி காலியாக இருப்பதைப் பார்த்து நீ தேடியிருப்பாய். என்னிடம்தான் இருக்கிறது; அவர் புத்தகத்தை வாசிக்க வண்டிக் கதவைப் பூட்டாமல் விட்டு வந்தேன், அப்படியே இருக்கட்டும். என் வீட்டுச் சாவியோடு கோத்துக்கொண்டேன். எந்த வண்டிக்கும் அதைத் தெரியாது.

இது கிடைத்த மறுநாள் காலை அவர் வாசிக்கும்போது ஜன்னலில் நிற்காதே, இறங்கிப் போய்ப் பக்கத்தில் நில். என் கையெழுத்தைப் பார்த்து ஏதாவது சொன்னால் எனக்கு எழுது. நான் போடும்போது பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏன்டா கை நடுங்குது? நல்ல வேலை செஞ்சவனுக்குக் கை நடுங்கலாமா?" என்று கேட்டார்.

தம்பி